கைக்கு எட்டாத பிறேக்



கடன், பிள்ளைகளின் படிப்பு, காணி உறுதி, மனச்சுமை என்று இந்தப் பக்கத்தில் பலவற்றைப் பேசி வருகின்றோம். இம்மாதம் ஒரு சிறிய உலோகத் துண்டைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கின்றேன். அது சைக்கிளின் பிறேக் பிடி. "இதிலே பேச என்ன இருக்கிறது? அது சைக்கிள் கடைக்காரரின் வேலையல்லவா?" என்று சிலர் கேட்கக்கூடும். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். இது கடைக்காரரின் வேலை மட்டுமல்ல, எங்களுடைய விடயமும்தான்.

எங்கள் பிரதேசத்தில் சைக்கிள் என்பது வெறும் வாகனம் அல்ல. 1990களில் எரிபொருள் தடைப்பட்டிருந்த காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் சைக்கிளில்தான் ஓடியது. நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டு போனதும், விறகு ஏற்றியதும், பிள்ளைகளை ரியூசனுக்கு அனுப்பியதும் சைக்கிளில்தான். பற்றறி கிடைக்காதபோது சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டதும் எங்கள் வீட்டு முற்றங்களில்தான். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்தபோது, ஏறி ஓட இடமில்லாத சனநெரிசலில் வீட்டுச் சாமான் முழுவதையும் சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டு நடந்தார்கள். பின்னர் 2022இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது, மூலையில் கிடந்த சைக்கிள்கள் மீண்டும் வீதிக்கு வந்தன. குடும்பத்தைத் தனியே சுமக்கும் ஒரு பெண்ணுக்கு இன்றைக்கும் சைக்கிள்தான் கால்.

ஆனால் அந்தக் கால் ஓடுகிற வீதி மாறிவிட்டது. போர் முடிந்த 2009இன் பின்னர் ஏ9 வீதியும் ஏனைய பெரிய வீதிகளும் காபெட் வீதிகளாகின. முன்பு குன்றும் குழியுமான வீதியில் சைக்கிள் தானாகவே மெதுவாகப் போகும். பஸ்ஸும் மெதுவாகத்தான் வரும். இன்று வீதி வழுக்கிக்கொண்டு போகிறது. தனியார் பஸ்களும் வான்களும் மோட்டார் சைக்கிள்களும் பறக்கின்றன. நிற்க வேண்டிய இடத்தில் நிற்க முடியாத சைக்கிள் இன்று முன்னரைவிட ஆபத்தானது.

வீடுகளுக்குப் போகும்போது முற்றத்தில் நிற்கும் சைக்கிளைப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. "அம்மா, பிறேக் பிடிக்குமோ?" என்று கேட்பேன். வரும் பதில்கள் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும்.

"பிறேக் இருக்குது பிள்ளை. எனக்குத்தான் எட்டாது. நான் காலை ஊண்டி நிப்பாட்டிப்போடுவன்."

"என்ர கை சின்னன் மிஸ்."

"செல் பட்ட கை. அது அமத்தாது."

இந்தப் பதில்களைச் சற்று உற்றுக் கேளுங்கள். எல்லோரும் தங்கள் கையைத்தான் குறை சொல்கிறார்கள். ஒருவராவது "இந்தப் பிறேக் எனக்கு ஏற்றமாதிரி இல்லை" என்று சொல்வதில்லை. சமூகவியல் வகுப்பில் பால்நிலை பற்றி எத்தனையோ படித்தோம். அந்தப் பாடம் முழுவதும் இந்த ஒரு வசனத்துக்குள் இருக்கிறது. பெரும்பாலான சைக்கிள்கள் நடுத்தர உயரமுள்ள ஓர் ஆணின் கையை மனதில் வைத்தே செய்யப்படுகின்றன. அந்த அளவு எங்களுக்குப் பொருந்தாவிட்டால் பொருளில்தான் மாற்றம் வேண்டும். கையை மாற்ற முடியாது. பிறேக் பிடியை மாற்ற முடியும்.

தென்மராட்சியில் ஒரு அக்காவின் அனுபவத்தைச் சொல்கின்றேன். 2000ஆம் ஆண்டுச் சண்டையின்போது சிறுமியாக இருந்த அவருடைய வலது கையில் செல் துண்டு பட்டது. சின்ன விரலும் மோதிர விரலும் மடங்கியபடியே நின்றுவிட்டன. பெருவிரலும் மற்ற இரண்டு விரல்களும் வேலை செய்யும், ஆனால் அகல விரியாது. பாடசாலைப் பிள்ளைகளுக்கு உணவு சமைத்துக் கொடுக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. விடிய முன்னர் மரக்கறியையும் தேங்காயையும் ஏற்றிக்கொண்டு நான்கு கிலோமீற்றர் போக வேண்டும். பிந்தினால் பிள்ளைகளின் சாப்பாடு பிந்தும். அந்த வேலையும் போய்விடும்.

வீட்டில் இருந்த ஒரே சைக்கிள் அவருடைய தம்பியினுடையது. ஆட்டுக்கொம்பு போல முன்னுக்கு வளைந்து கீழே இறங்கும் ஹாண்டில் உள்ள றேசிங் சைக்கிள். தம்பி 2007இல் ஒரு காலையில் பஸ்ஸில் போனவர். திரும்பி வரவில்லை. சைக்கிள் வீட்டில் நின்றுவிட்டது.

இவ்வகைச் சைக்கிளில் பிறேக் பிடிகள் ஹாண்டிலின் வளைவில் இருக்கும். உடலைத் தாழ்த்தி வளைவைப் பிடித்து ஓடுபவருக்கே அது வசதி. பாரம் ஏற்றிக்கொண்டு நிமிர்ந்து ஓடுபவர் ஹாண்டிலின் நடுவே உள்ள நேரான பகுதியைத்தான் பிடிப்பார். அங்கிருந்து பிறேக்குக்குக் கை எட்டாது. கையை எடுத்து, முன்னுக்கு நீட்டி, விரலை விரித்துத்தான் பிடிக்க வேண்டும். மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் போகும் சைக்கிள் ஒரு வினாடியில் ஏறத்தாழ 4 மீற்றர் ஓடிவிடும். கையை நகர்த்த ஒரு வினாடி எடுத்தால், பிறேக் பிடிக்கத் தொடங்குவதற்கு முன்னரே 4 மீற்றர் போய்விட்டது. அந்த 4 மீற்றருக்குள் ஒரு நாய் குறுக்கே ஓடலாம், ஒரு குழந்தையும் ஓடலாம். அக்கா இரண்டு முறை விழுந்திருந்தார். ஒரு முறை தேங்காய்கள் வீதியெல்லாம் உருண்டன. மற்ற முறை பஸ் ஒன்று மயிரிழையில் விலகிப் போனது.

சந்தியில் சைக்கிள் திருத்தும் ஐயாவிடம் போனோம். அவர் பார்த்தவுடனே, "இந்த ஹாண்டிலைக் கழட்டிப்போட்டு நேர் ஹாண்டில் ஒண்டு போடுவம். லேசான வேலை" என்றார். நல்ல யோசனைதான். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"தம்பி வந்தால் தன்ர சைக்கிளைத்தான் முதல் கேட்பான். ஹாண்டிலைக் கழட்டி எறிஞ்சிட்டன் எண்டு நான் என்னெண்டு சொல்லுறது?"

அதற்கு மேல் ஐயாவும் பேசவில்லை, நானும் பேசவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களுடன் பழகியவர்களுக்கு இது புரியும். கட்டிலை மாற்றமாட்டார்கள், சேட்டை வேறு ஒருவருக்குக் கொடுக்கமாட்டார்கள். அதைப் பிடிவாதம் என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் அக்கா பாதுகாப்பாக வேலைக்குப் போகவும் வேண்டும். இருப்பதில் எதையும் அகற்றாமல், வேண்டியதைச் சேர்க்க வழி உண்டா என்பதுதான் எங்கள் கேள்வியாக இருந்தது.

வழி இருந்தது. வளைந்த ஹாண்டில் சைக்கிளுக்கு மேலதிகமாக ஒரு சோடி பிறேக் பிடி பூட்டலாம். அதில் இரண்டு வகை உண்டு. வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலாவது பழைய வகை. 1970களில் வந்த பல றேசிங் சைக்கிள்களில் இதைக் காணலாம். பிரதான பிறேக் பிடியின் அச்சிலேயே ஒரு நீட்டுக் கம்பியைப் பூட்டி, ஹாண்டிலின் நேர்ப் பகுதிக்குக் கீழே வரை கொண்டு வந்திருப்பார்கள். பார்க்க வசதியாக இருக்கும். ஆனால் அமத்தும்போது கம்பி வளைந்து கொடுக்கும். சிறிது தூரம் அமத்தியதும் ஹாண்டிலில் முட்டிவிடும். ஆகவே சைக்கிளை மெதுவாக்குமே தவிர, அவசரத்துக்கு முழுதாக நிறுத்தாது. ஐயாவின் பழைய சாமான் பெட்டிக்குள் இப்படி ஒரு சோடி கிடந்தது. "இது சும்மா தந்தாலும் வேண்டாம், விழுத்திப்போடும்" என்று அவரே சொல்லிவிட்டார்.

இரண்டாவது வகை, ஹாண்டிலின் நேர்ப் பகுதியில் தனியே பூட்டும் குட்டிப் பிறேக் பிடி. பிறேக் வயர் ஓர் உறைக்குள் ஓடுவது உங்களுக்குத் தெரியும். பிரதான பிடி உள்ளே இருக்கும் வயரை இழுக்கிறது. இந்தக் குட்டிப் பிடி வயரை இழுப்பதில்லை. உறையை இடையில் வெட்டி, வெட்டிய இடத்தில் இதைப் பூட்டுவார்கள். அமத்தினால் உறையின் ஒரு பகுதியைத் தள்ளும். வயரை இழுத்தாலும் உறையைத் தள்ளினாலும் சக்கரத்திலே நடப்பது ஒன்றுதான். பிறேக் கட்டை றிம்மை இறுகப் பிடிக்கும். பிரதான பிடியும் பழையபடியே முழுப் பலத்துடன் வேலை செய்யும். குட்டிப் பிடி ஹாண்டிலுக்குக் கிட்ட இருப்பதால் சிறிய கைக்கும் இரண்டு விரலுக்கும் போதும்.

இதைப் பூட்டுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை சில உள்ளன. பிறேக் வயர் ஹாண்டிலோடு ஒட்டி, சுற்றிய பட்டிக்குக் கீழாக ஓடும் சைக்கிளுக்கே இது பொருந்தும். பிடியின் உச்சியிலிருந்து வயர் மேலே எழும்பி வளைந்து வரும் பழைய வகைக்குச் சரிவராது. அடுத்தது அளவு. சாதாரண நேர் ஹாண்டில் 22.2 மில்லிமீற்றர் தடிப்பு. வளைந்த ஹாண்டில் 23.8 மில்லிமீற்றர். நடுவிலே இன்னும் தடிப்பாக இருக்கும். அதனால் சாதாரண சைக்கிளின் பிறேக் பிடியைக் கொண்டுவந்து இதில் இறுக்க முயலக்கூடாது. ஹாண்டிலின் அளவை அளந்து, அதற்குரிய பிடியைத்தான் வாங்க வேண்டும். மூன்றாவது, உறையை வெட்டிய முனை நேராக இருக்க வேண்டும். பிசிறு இருந்தால் அராவி, முனைக்குத் தொப்பி போட வேண்டும். இல்லாவிட்டால் பிறேக் சதசதவென்று இருக்கும். பழைய துருப்பிடித்த வயரைத் திரும்பப் போடாமல் புது வயர் போடுவதே நல்லது.

ஐயா கொழும்பிலிருந்து அந்தச் சோடியை எடுப்பித்தார். புது வயர் போடுவதென்று ஆனபிறகு இன்னொரு மாற்றமும் செய்தார். முன் பிறேக்கை அக்காவின் நல்ல கையான இடது கைக்கு மாற்றிவிட்டார். காரணம் இருக்கிறது. பிறேக் பிடிக்கும்போது பாரம் முன்னுக்குச் சாயும், ஆகவே அதிகமாக நிறுத்துவது முன் பிறேக்தான். அதைப் பலமுள்ள கையிடம் கொடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் ஐயா கழற்றிய பழைய வயர்களை வட்டமாகச் சுற்றி ஒரு பையில் போட்டு, "இதையும் வைச்சிரு பிள்ளை" என்று அக்காவிடம் கொடுத்தார். யாரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பாடசாலை மைதானத்தில் அக்கா பழகினார். முதலில் வெறும் சைக்கிளில், பிறகு பாரத்துடன். கை மாறிய பிறேக்குக்குப் பழகாமல் வீதிக்கு இறங்கக்கூடாது. இப்போது விடியப் போய் வருகிறார். தம்பியின் ஹாண்டில் இருந்தபடியே இருக்கிறது.

எல்லோரிடமும் றேசிங் சைக்கிள் இருக்காது. உங்களிடம் இருப்பது சாதாரண லேடீஸ் சைக்கிளாகவோ, மவுண்டன் சைக்கிளாகவோ, அப்பா விட்டுச்சென்ற பழைய கம்பிப் பிறேக் சைக்கிளாகவோ இருக்கலாம். நீங்கள் செய்யக்கூடியவற்றைச் சொல்கின்றேன்.

முதலில், சைக்கிளில் ஏறாமல் பக்கத்தில் நின்று ஹாண்டிலைப் பிடியுங்கள். விரல்களை நீட்டினால் பிறேக் பிடியில் உங்கள் விரலின் முதல் மூட்டாவது படிகிறதா? படியாவிட்டால் அந்தப் பிடி உங்களுக்குத் தூரம். பல பிறேக் பிடிகளில், பிடி ஹாண்டிலோடு சேரும் இடத்துக்குக் கிட்ட ஒரு சிறிய ஆணி இருக்கும். அதை வலப்பக்கம் திருப்பினால் பிடி ஹாண்டிலுக்குக் கிட்ட வரும். செலவு எதுவும் இல்லை, ஒரு திருப்புளியோ சிறிய சாவியோ போதும். கிட்டக் கொண்டு வந்த பிறகு முழுப் பலத்துடன் அமத்திப் பாருங்கள். பிடி ஹாண்டிலில் முட்டக்கூடாது. முட்டினால் வயரை இறுக்க வேண்டும்.

இரண்டாவது, பிடி எந்தச் சரிவில் இருக்கிறது என்று பாருங்கள். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரே நேர்கோட்டில் வரும்படி அதைத் திருப்பி இறுக்குங்கள். மணிக்கட்டு மடங்கியிருந்தால் பலம் வராது. அதோடு, விரல்கள் பிடியின் நுனிப் பக்கமாகப் படும்படி பிடியை நகர்த்துங்கள். கிணற்றுத் துலாவைப் போலத்தான் இதுவும். நுனியில் அமத்தினால் சிறிய பலம் போதும்.

மூன்றாவது, பிடி மாற்றுவதென்றால் பிறேக்கின் வகையைக் கடையில் சொல்லுங்கள். மவுண்டன் சைக்கிள்களில் வரும் வி பிறேக்குக்கு அதிக நீளம் வயரை இழுக்கும் பிடி வேண்டும். சாதாரண பிறேக்குக்கு அப்படியல்ல. மாறிப் பூட்டினால் ஒன்றில் பிறேக் பிடிக்க முதல் பிடி ஹாண்டிலில் முட்டும், அல்லது கல்லை அமத்துவது போல இருக்கும், ஆனால் சைக்கிள் நிற்காது.

நான்காவது, மழை. ஐப்பசி, கார்த்திகை மழையில் இரும்பு றிம் நனைந்தால் பிறேக் மிகவும் குறையப் பிடிக்கும். பழைய கம்பிப் பிறேக் சைக்கிள்களுக்கு இது முக்கியம். மழையில் முன்கூட்டியே மெல்ல மெல்லப் பிடித்து றிம்மில் உள்ள நீரைத் துடைத்துக்கொள்ளுங்கள். றிம்மிலும் பிறேக் கட்டையிலும் எண்ணெய் படவே கூடாது. கட்டை றிம்மில் பட வேண்டும், ரயரில் உரசக்கூடாது.

ஐந்தாவது, ஒரு பிறேக்குடன் திருப்திப்படாதீர்கள். பின் பிறேக் மட்டும் என்றால் நிற்க நெடுந்தூரம் எடுக்கும். முன் பிறேக்கை மட்டும் திடீரென்று இறுக்கினால் முன்னுக்குத் தூக்கி எறியும். இரண்டையும் சேர்த்து, மெல்லத் தொடங்கி இறுக்கிப் பழகுங்கள்.

ஒரு கை மட்டும் உள்ள சகோதரிகளும் இதை வாசிப்பீர்கள். உங்களுக்கும் வழி உண்டு. ஒரே பிடியால் இரண்டு வயரையும் இழுக்கும் இரட்டைப் பிறேக் பிடி என்று ஒன்று உள்ளது. பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பின் சக்கரம் நிற்கும் வகைச் சைக்கிள்களும் உள்ளன. அதில் பின் பிறேக் காலிடமும் முன் பிறேக் கையிடமும் இருக்கும். இவை எல்லாக் கடைகளிலும் தொங்கிக்கொண்டிருக்காது. சொல்லி எடுப்பிக்க வேண்டும். உங்கள் பிரதேச செயலகத்தில் உள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடம் உதவி கேளுங்கள். கேட்கும்போது "சைக்கிள் வேண்டும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "எனக்கு இந்தக் கை, இந்த அளவு எட்டும், இப்படியான பிறேக் வேண்டும்" என்று சொல்லுங்கள்.

வாழ்வாதார உதவியாகச் சைக்கிள் வழங்கும் நிறுவனங்களில் பணிபுரியும் என் சக பணியாளர்களுக்கும் ஒரு வார்த்தை. வரிசையில் நிறுத்தி, ஒரே அளவில், ஒரே நாளில் சைக்கிள்களைக் கொடுத்துப் படமும் எடுத்து முடித்துவிடுகிறோம். அந்த வரிசையில் நிற்கும் ஒவ்வொரு பெண்ணையும் ஒரு முறை பிறேக்கை அமத்திப் பார்க்கச் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்? ஒரு திருத்துநரையும் அழைத்து, அன்றே ஆணியைத் திருப்பிக் கொடுத்தால் என்ன? ஓட முடியாத சைக்கிள் ஒரு மாதத்தில் பாதி விலைக்குப் போய்விடும். பிறகு நாங்கள்தான் "பயனாளிகள் உதவியைச் சரியாகப் பயன்படுத்தவில்லை" என்று அறிக்கை எழுதுவோம்.

சகோதரிகளே, போர் எங்களில் பலருடைய உடலை மாற்றிவிட்டது. அந்த உடலைக் கொண்டுதான் உழைக்கிறோம், பிள்ளைகளை வளர்க்கிறோம். கதிரை, கிணற்றுக் கப்பி, தையல் மெசின், சைக்கிள் என்று நாளாந்தம் கையாளும் ஒவ்வொன்றும் எங்கள் உடலுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று கேட்பது ஆடம்பரமல்ல. எட்டாவிட்டால் "எட்டவில்லை" என்று சத்தமாகச் சொல்லுங்கள். அதைக் கிட்டக் கொண்டுவர ஏதாவது ஒரு வழி இருக்கும்.

இந்தக் கிழமை ஒரு நாள் பின்னேரம் உங்கள் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்று அந்தப் பிடியை ஒரு தரம் அமத்திப் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சைக்கிளையும் பாருங்கள். பாடசாலைக்குப் போகும் சின்னக் கைகளுக்கும் அது எட்டாமல் இருக்கலாம்.

அடுத்த மாதம் சந்திப்போம்.